ஆண்டுதோறும் நிரப்பப்படும் கேஸ் எங்கே போகிறது?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், பள்ளியில் படிக்கும் மகள், மாமியார் ஆகியோருடன் வாழ்ந்து வருகிறேன். எங்கள் குடும்பத்தின் கரிமத் தடத்தை, அதாவது எங்கள் வாழ்க்கைமுறையால் காற்றில் சேரும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் அளவைக் குறைத்தே தீர வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முடிவு செய்தேன். அன்று முதல் செல்பேசி சார்ஜர்களைத் தேவையற்ற நேரத்தில் கழற்றி வைக்கிறேன். பதினோரு துணிப்பைகள் வாங்கியிருக்கிறேன். தொலைவிலிருந்து வரும் பழங்களைத் தவிர்க்கிறேன். மாமியாரின் அறைக்கு வெளியே இரவெல்லாம் எரியும் சிறு விளக்கை அணைப்பதில் தொடங்கி, வீட்டில் தினமும் ஏதாவது ஒரு சச்சரவு. "நீங்கள் ஒருவர் செய்து உலகம் மாறிவிடாது, கரிமத் தடம் என்பதே எண்ணெய் நிறுவனம் கிளப்பிவிட்ட பேச்சு" என்கிறான் மகன். கணவர் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அலுவலகத்துக்குத் தனியாகக் காரில் போய் வருகிறார். பழைய குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லாமல் பின்னறையில் ஓடவிட்டிருக்கிறோம். ஏ.சி.யும் பழையது என்பதால் ஒவ்வொரு கோடையிலும் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது. இப்படிச் சில குறைகள் இருந்தாலும் மற்றவற்றில் கவனமாகவே இருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை விமானத்தில் விடுமுறைக்குப் போவதை மரம் நட்டு ஈடுகட்டலாமா? நான் செய்வதிலெல்லாம் பொருள் இருக்கிறதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சார்ஜர், துணிப்பை, பழம், சிறு விளக்கு ஆகியவற்றைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில், "சில குறைகள்" என்ற கணக்கில், ஒவ்வொரு கோடையிலும் ஏ.சி.க்குக் கேஸ் நிரப்புவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எரிசக்தித் தணிக்கையாளராக, வீடுகளிலும் கட்டடங்களிலும் மின்சாரமும் எரிபொருளும் எங்கே செலவாகின்றன என்று அளந்து சொல்வதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், என் கண் அந்த ஒரு வரியில்தான் நின்றது. இரண்டு ஆண்டுகளாக நீங்கள் பட்ட பாடு அத்தனையையும் அந்த வரி விழுங்கிவிடக்கூடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏ.சி.க்குள் இருக்கும் வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. அது மூடிய தாமிரக் குழாய்ச் சுற்றுக்குள், அறைக்குள்ளே ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வெளியே திரவமாகி அந்த வெப்பத்தைக் கொட்டிவிட்டு, மீண்டும் உள்ளே வந்து சேர்கிறது. குழாய் ஒழுகாமல் இருந்தால் எந்திரத்தின் ஆயுள் முழுவதும் அதே வாயு போதும். "பழைய ஏ.சி. என்றால் ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் நிரப்பத்தான் வேண்டும்" என்று பலரும் நம்புகிறார்கள், அது தவறு. ஆண்டுதோறும் நிரப்புகிறீர்கள் என்றால், ஆண்டுதோறும் அந்த அளவு வாயு உங்கள் வீட்டிலிருந்து வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் பொருள்.

அப்படிப் போகும் வாயு எது என்பதைப் பொறுத்துக் கேடு மாறும். வெளியே மாட்டியிருக்கும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்ட தகட்டில் வாயுவின் பெயரும் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். மிகப் பழைய எந்திரமாக இருந்தால் ஆர்-22 என்றும், அதற்குப் பின்வந்தது என்றால் ஆர்-410ஏ என்றும், அண்மைக்காலத்தது என்றால் ஆர்-32 என்றும் இருக்கும். நூறாண்டுக் காலத்தில் பூமியைச் சூடாக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால், ஒரு கிலோ ஆர்-22 ஏறக்குறைய 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கும், ஒரு கிலோ ஆர்-410ஏ ஏறக்குறைய 2,090 கிலோவுக்கும், ஒரு கிலோ ஆர்-32 ஏறக்குறைய 675 கிலோவுக்கும் சமம். இவற்றுள் ஆர்-22 ஓசோன் படலத்தையும் அரிப்பது என்பதால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. ஓசோனைத் தொடாவிட்டாலும் வெப்பத்தைக் கூட்டும் மற்ற வாயுக்களைக் குறைப்பதற்கென்று அதே உடன்படிக்கையில் 2016ஆம் ஆண்டு ருவாண்டா நாட்டின் தலைநகரான கிகாலியில் திருத்தம் செய்யப்பட்டது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். உங்கள் எந்திரத்தில் ஆர்-410ஏ இருந்து, ஒரு கோடையில் அரை கிலோ நிரப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். உங்கள் கணவர் ஆண்டுக்கு 250 நாள் அலுவலகம் போனால் 7,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் என்றால் 500 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும் என்பதால், மொத்தம் சுமார் 1,150 கிலோ. ஆக, ஓராண்டு முழுவதும் ஓடும் காரும், ஒருவர் கண்ணிலும் படாமல் ஒரு குழாய் முனையில் ஒழுகும் வாயுவும் ஏறக்குறைய ஒரே எடை.

சார்ஜரையும் அதே தராசில் வைத்துப் பார்த்துவிடுவோம். வீடுகளுக்குப் போகும்போது, பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் செருகும் சிறிய மீட்டர் ஒன்றைக் கொண்டுபோவேன். செல்பேசி இணைக்கப்படாத சார்ஜரை அதில் செருகினால் பெரும்பாலும் 0.0 வாட் என்றே காட்டும். அந்த மீட்டரால் பிடிக்க முடியாத அளவுக்கு அது சிறியது. தாராளமாக 0.2 வாட் என்று கொண்டாலும் ஆண்டு முழுவதற்கும் இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. உலகச் சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் அரை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால், அது ஒரு கிலோவைத் தாண்டாது. இரண்டு ஆண்டுகளாக நீங்கள் நாள் தவறாமல் சார்ஜர்களைக் கழற்றியதால் கிடைத்த பலன் அந்தக் குழாயின் கசிவில் ஓரிரு நாளில் கரைந்துவிடுகிறது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் சுமார் 500 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், குறைவாக மின்சாரம் எடுக்கும் கருவிகளின் செலவைச் சற்றுக் கூட்டியும், அதிகமாக எடுக்கும் கருவிகளின் செலவை மிகவும் குறைத்தும்தான் மக்கள் மதிப்பிட்டார்கள். விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிகிறது, வெப்பமும் வாயுவும் தெரிவதில்லை. அதனால் நம் அக்கறை முழுவதும் விளக்கின் பக்கமே போய்விடுகிறது.

கசிவைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் அரிய வேலை அல்ல. மூன்று கோடைகளாகத் தொடர்ந்து கேஸ் நிரப்பிய ஒரு வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். வெளிப்பெட்டியில் குழாய் வந்து சேரும் திருகுமூட்டின் அடியில் மட்டும் தூசி கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. வாயு கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் சிறிது சேர்ந்து வரும். அதில் தூசி படிந்து இப்படி ஆகும். துணியால் துடைத்துவிட்டுச் சோப்பு நீரைத் தடவினோம். முதலில் எதுவும் இல்லை. அரை நிமிடம் கழித்துக் கடுகளவுக் குமிழி ஒன்று எழுந்து, பருத்து, உடைந்து, அதே இடத்தில் அடுத்தது எழுந்தது. குழாயின் விரிந்த முனையில் மயிரிழை போல ஒரு விரிசல். உடன் வந்திருந்த மெக்கானிக் அந்த முனையை வெட்டி, புதிதாக விரித்து, மூட்டை இறுக்கி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் வந்தவர்கள் வாயுவை நிரப்பினார்களே ஒழிய, அது எங்கே போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஆகவே, கோடை வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு நல்ல மெக்கானிக்கை அழையுங்கள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடைத்த பின் நைட்ரஜனைச் செலுத்தி அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப் கொண்டு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். தகட்டில் உள்ள எடையைப் பார்த்து, தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பழுதுபார்ப்பதற்கு முன்னால் குழாயில் மீதமிருக்கும் வாயுவை "உஸ்" என்று காற்றில் திறந்துவிட ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அதை உறிஞ்சித் தனி உருளையில் சேர்க்கும் கருவி உண்டு. அது தன்னிடம் இல்லை என்று அவர் சொன்னால், அந்தக் கருவி உள்ள வேறொருவரைத் தேடுவது உங்கள் பதினோரு துணிப்பைகளையும்விடப் பல மடங்கு பயனுள்ள காரியம். எந்திரம் சீர்செய்ய முடியாத நிலையில் இருந்தால், ஆர்-32 அல்லது ஆர்-290 வாயு கொண்ட, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஒன்றுக்கு மாறிவிடுங்கள். ஆர்-290 என்பது புரொப்பேன். பூமியைச் சூடாக்குவதில் அதன் பங்கு மிக அற்பம். எரியக்கூடிய வாயு என்பதால் பொருத்துபவர் அதற்கான பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். எந்த எந்திரமானாலும், குளிர்நிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் மின்செலவு சுமார் 6 விழுக்காடு குறையும். மின்விசிறியும் சேர்ந்து ஓடினால் அந்த ஒரு டிகிரியை உடம்பு உணராது.

பின்னறைக் குளிர்சாதனப் பெட்டியையும் விட்டுவைக்காதீர்கள். பழைய பெட்டி ஆண்டுக்கு 300 முதல் 500 யூனிட் வரை எடுக்கக்கூடும், அதுவும் பாதி காலியாகக் கிடந்தபடியே. அதை அணைத்து ஒதுக்குவது நூறு சார்ஜர்களை ஆண்டு முழுவதும் கழற்றி வைப்பதைவிட மேல். ஆனால் காயலான் கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. அங்கே குழாயை முதலில் வெட்டுவார்கள். உள்ளிருக்கும் வாயு அந்த நொடியே காற்றில் கலந்துவிடும். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-134ஏ இருக்கும்; பூமியைச் சூடாக்கும் அதன் ஆற்றல் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறக்குறைய 1,430 மடங்கு. நூறு கிராம்தான் இருந்தாலும் 143 கிலோவுக்குச் சமமாகிவிடும். மின்கழிவை முறைப்படி பிரிக்க உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.

மின்சாரத்தில் அடுத்த பெரிய செலவு, நீரைச் சூடாக்குவது. இருபது லிட்டர் நீரின் வெப்பத்தை 15 டிகிரி உயர்த்த 0.35 யூனிட் வேண்டும்; 9 வாட் எல்.இ.டி. விளக்கொன்று ஒன்றரை நாளுக்கு மேல் விடாமல் எரியும் அளவு அது. ஐந்து பேர் உள்ள வீட்டில் நாள்தோறும் எவ்வளவு வெந்நீர் செலவாகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். வாட்டர் ஹீட்டரை நாள் முழுவதும் ஓடவிடாமல், தேவைப்படும் நேரத்துக்குச் சற்று முன் மட்டும் போட்டு, வெப்பநிலையைக் குறைத்து வைத்தாலே போதுமான அளவு மிச்சமாகும். கூரையில் வெயில் விழுமானால் சூரிய வெப்பத்தில் நீரைச் சூடாக்கும் அமைப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

காரைப் பற்றி உங்கள் கணவரிடம் பேசும்போது "காரை விட்டுவிடுங்கள்" என்று தொடங்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் பேருந்திலோ ரயிலிலோ போய் வந்தால் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 460 கிலோ குறைகிறது. அதே வழியில் போகும் அலுவலக நண்பர் ஒருவருடன் முறை வைத்து ஒரே காரில் போனால் இருவருக்கும் பாதியாகிறது. அடுத்த வண்டி வாங்கும் காலம் வரும்போது மின்வாகனத்தைப் பற்றி யோசியுங்கள். நன்றாக ஓடும் வண்டியை அதற்காக இப்போதே மாற்ற வேண்டியதில்லை.

விமானப் பயணத்தின் தொலைவை நீங்கள் எழுதவில்லை. போக 2,000 கிலோமீட்டர், வர 2,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் என்ற கணக்கில் ஒருவருக்கு 400 கிலோ, உங்கள் ஐவருக்கும் இரண்டு டன். உயரத்தில் விமானம் விட்டுச்செல்லும் வெண்புகைத் தடங்களால் கூடும் வெப்பம் இதில் சேரவில்லை. நன்கு வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடை ஈர்க்கிறது என்று கொண்டால், ஒரே விடுமுறையை ஈடுகட்ட நூறு மரங்கள் ஓராண்டு முழுவதும் உழைக்க வேண்டும். நீங்கள் இன்று நடும் கன்று அந்த நிலையை எட்டப் பல ஆண்டுகள் ஆகும், இடையில் பட்டுப்போகவும் கூடும். விமானத்திலிருந்து வெளிவந்ததோ இன்றே காற்றில் கலந்துவிட்டது. மரம் நடுங்கள், நிழலுக்காகவும் பறவைகளுக்காகவும் மண்ணுக்காகவும் அது வேண்டும். ஆனால் பயணக் கணக்கை அதில் கழிக்காதீர்கள். ஒரு விடுமுறை விட்டு ஒரு விடுமுறைக்கு ரயிலில் போக முடியுமா என்று குடும்பமாகப் பேசிப் பாருங்கள்.

உணவைப் பொறுத்தவரை, எங்கிருந்து வருகிறது என்பதைவிட என்ன உண்கிறோம், எவ்வளவு வீணாக்குகிறோம் என்பதே முக்கியம். உணவால் உண்டாகும் மொத்த வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கப்பலில் வந்த பழத்தைக் குற்ற உணர்வின்றி உண்ணலாம்; விமானத்தில் வரும், சீக்கிரம் அழுகிவிடக்கூடிய சில வகைகள் மட்டுமே விலக்கு. ஆடுமாடு போன்ற அசைபோடும் விலங்குகள் மீத்தேனை வெளியிடுவதால், அவற்றின் இறைச்சியைக் குறைத்துப் பயறு வகைகளைக் கூட்டினால் வேறுபாடு பெரிதாகத் தெரியும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 விழுக்காடு வீடுகளில்தான்.

துணிப்பைகளைப் பற்றி ஒரே வார்த்தை: பன்னிரண்டாவது பையை வாங்காதீர்கள். பருத்திப் பையொன்றை 131 முறையேனும் பயன்படுத்தினால்தான், வெப்பமயமாதல் என்ற ஒரே கணக்கில், அது மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேலானதாகும் என்று இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் கணக்கிட்டது. பிளாஸ்டிக் ஆற்றையும் கடலையும் கெடுப்பது வேறு வழக்கு. அந்த வகையில் உங்கள் பைகள் நல்ல வேலையே செய்கின்றன.

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருப்பதை முதலில் அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்நாகல் ஆகிய அறிஞர்கள் 1990களில் முன்வைத்த சூழலியல் தடம் என்ற கருத்திலிருந்து பிறந்த 'கரிமத் தடம்' என்ற சொல்லை, 2000களின் முற்பகுதியில் விளம்பரங்கள் வழியாக வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்ததில் பி.பி. எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. படிம எரிபொருள்களிலிருந்து ஆண்டுக்கு 3,700 கோடி டன் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும் உலகில், ஒரு வீட்டின் சில டன்கள் பெரிதாகத் தெரியாது என்பதும் சரியே. மறுபாதியையும் அவர் கேட்க வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020இல் சொன்னபடி, வருமானத்தில் உச்சியில் உள்ள 1 விழுக்காட்டினர், அடித்தட்டில் உள்ள 50 விழுக்காட்டினர் அனைவரும் சேர்ந்து வெளியிடுவதைப் போல இரு மடங்குக்கும் மேல் வெளியிடுகிறார்கள். நாம் அந்த உச்சியில் இல்லை என்றாலும், ஏ.சி.யும் காரும் விமானப் பயணமும் உள்ள குடும்பம் அடித்தட்டிலும் இல்லை. இன்னொன்றும் உண்டு: ஒரு தெருவில் ஒரு கூரையில் சூரிய மின்தகடு ஏறினால் அக்கம்பக்கத்திலும் ஏறும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு 2012இல் காட்டியது. ஒருவர் செய்வது ஒருவரோடு நின்றுவிடுவதில்லை.

அவருடன் வாதம் செய்வதைவிட ஒரு வேலையைக் கொடுப்பது நல்லது. ஏ.சி. தகட்டைப் படித்து, என்ன வாயு, எத்தனை கிலோ என்று குறித்துவரச் சொல்லுங்கள். பிறகு அவர் படிக்கும் கல்லூரியில் எத்தனை ஏ.சி.கள் உள்ளன, கடந்த ஆண்டு மொத்தம் எத்தனை கிலோ வாயு நிரப்பப்பட்டது, பழுதுபார்க்கும்போது பழைய வாயு உருளையில் சேர்க்கப்படுகிறதா, காற்றில் விடப்படுகிறதா என்று நிர்வாகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். வாயு வாங்கிய ரசீதுகளிலேயே விடை இருக்கும். நூறு எந்திரங்கள் உள்ள இடத்தில் ஆண்டுக்கு இருபது கிலோ ஆர்-410ஏ நிரப்பப்பட்டால், அது நாற்பது டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் மேல். தனிமனிதர் செய்து என்ன ஆகும் என்று கேட்கும் இளைஞர், ஒரு நிறுவனத்தின் பழக்கத்தை மாற்ற இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, மாமியாரின் அறைக்கு வெளியே எரியும் விளக்கு. அது ஒரு வாட் எல்.இ.டி. என்றால், இரவு பத்து மணி நேரம் வீதம் ஆண்டு முழுவதும் எரிந்தாலும் நான்கு யூனிட்டைத் தொடாது. இரண்டு கிலோவுக்கும் குறைவு. வயதானவர் நள்ளிரவில் எழுந்து இருட்டில் கதவைத் தடவிப் போவதை நினைத்துப் பாருங்கள். இன்றிரவு நீங்களே அதைப் போட்டுவிட்டு, "இனி இதை அணைக்க மாட்டேன், அத்தை" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக் காலை ஏ.சி. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.